மாரியம்மன் ஏற்றமும் குதிரை பாஸும்

நனைந்த கம்பளியில் பெட்ரோல் வாடை ஏறினால் எப்படி மணக்கும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? போன வாரம் கொழும்புப் புறக்கோட்டையில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் ஒரு பெரியவர், தோளில் கறுப்புக் கம்பளி, கையில் பெட்ரோல் டின். அவ்வளவுதான். என் பஸ் வந்தது, நின்றது, போனது. நான் ஏறவில்லை. என் மூக்கு அந்நேரம் ஹட்டனுக்குப் பதினான்கு மைல் அப்பால் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தது.

குதிரைகளைப் பற்றிக் குதிரை பாஸுக்குத் தெரிந்த அளவு இந்த இலங்கைத் தீவில் வேறு யாருக்கும் தெரியாது. வாழ்நாளில் அவர் பார்த்த குதிரை ஒன்றே ஒன்று என்பது வேறு விஷயம்.

எங்கள் தேயிலைத் தோட்டத்து மெக்கானிக் அவர். மெக்கானிக் என்றால் எங்கள் பக்கம் பாஸ். எஞ்சினின் பலத்தைக் குதிரைக் கணக்கில் சொல்கிறார்கள் இல்லையா, அதை அவர் அப்படியே நம்பினார். லாரி முக்கினால் இறங்கி, பானட்டின் மேல் காதை வைத்து, "நாலு குதிரை படுத்துக் கெடக்குங்க. ஒன்னுக்கு இருமல்" என்பார். மறுநாள் இருமல் நின்றிருக்கும். என்ன செய்தார் என்று கேட்டால், "தண்ணி காட்டுனேன்" என்பதோடு சரி.

ஒரு குதிரை என்பது சரியாக எவ்வளவு என்று பார்த்துவர ஒரு தடவை நுவரெலியாக் குதிரைப் பந்தயத்துக்குப் போனார். முகம் தொங்கித் திரும்பி வந்தார்.

"என்ன பாஸ், குதிரை எப்படி?"

"என்னா குதிரைங்க அது, கிளாக்கரையா. சத்தமும் இல்ல, பொகையும் இல்ல. மேட்டுல எத்தன தேயிலப் பெட்டி இழுக்கும்னு மரியாதையாத்தான் கேட்டேன். குதிரக்காரன் என்னைய வெரட்டிட்டான்."

அந்தக் கிளாக்கரையா நான்தான். தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். தேயிலைப் பெட்டிகள் ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகும்போது காகிதங்களோடு லாரியில் போவது என் வேலை. டிரைவர் முத்தையா வலப்பக்கம், பாஸ் இடப்பக்கம், நடுவில் நான், வெளியே பனி. முத்தையா பாஸை மாமா என்பான், பாஸ் அவனை மாப்ள என்பார். எந்த வழியில் அந்த முறை என்று இருவருக்குமே தெரியாது.

தோட்டத்தைத் தாண்டியதும் ஆற்றுப்பாலம். பாலத்திலிருந்து மாரியம்மன் கோவில் வரை செங்குத்தாக ஓர் ஏற்றம். எஞ்சினை அளக்க பாஸிடம் இருந்த கருவி அந்த ஏற்றமும் ஒரு வாய் வெற்றிலையும்தான். பாலத்தில் வெற்றிலை போடுவார். வாய் நிறைந்து துப்ப வேண்டிய நேரத்தில் லாரி கோவிலைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டிவிட்டால் எஞ்சின் சுகம். தாண்டாவிட்டால் வாய் நிறையச் சாற்றோடு, பேச முடியாமல், கண்ணாலேயே முத்தையாவைத் திட்டிக்கொண்டு வருவார்.

லாரியின் சொந்த எஞ்சின் வெடித்துப் போய், இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு ஏலத்தில் வந்த பட்டாள லாரி ஒன்றின் எஞ்சினை அவர் அதில் பொருத்தியிருந்தார். பெரிய எஞ்சின். அதை நுழைக்க டிரைவரின் காலடித் தகட்டையே வெட்ட வேண்டியிருந்தது. வெட்டிய ஓட்டை வழியாக மலைக்காற்று வந்து முத்தையாவின் வெறுங்காலை விறைக்கவைக்கும். ஆனாலும் அறுபது பெட்டி ஏற்றிக்கொண்டு ஏற்றத்தை ஏறிய வண்டி அது.

சில வருஷத்தில் எஞ்சினுக்குள் கேம்ஷாஃப்ட் தேய்ந்தது. எஞ்சின் மூச்சை இழுத்து விடுவதற்குக் கதவுகள் உண்டு; அவற்றை நேரம் பார்த்துத் திறந்து மூடும் தண்டு அது. கொழும்பிலிருந்து புதுத் தண்டு வந்தது. கதவைத் தள்ளும் மேடு பழையதைவிட இதில் உயரமாக இருந்தது. பாஸ் அதைக் குழந்தையைப் போல் கையில் ஏந்தி ஆபீசுக்கே கொண்டுவந்து காட்டினார்.

"கதவு இன்னும் அகலமாத் தெறக்கும். பத்துக் குதிரை கூடுதுங்க. தொரைகிட்ட சொல்லிடுங்க."

தோட்டத்து மானேஜரான தொரையிடம் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று.

காரணம் இருக்கிறது. பாஸ் பிறந்தது எங்கள் தோட்டத்துப் பத்தாம் நம்பர் லயத்தில், தொழிலாளர் குடியிருப்பு வரிசையில். ஆனாலும் பிரஜா உரிமை கேட்டுப் போட்ட மனு தள்ளுபடியாகி, யாரோ சொன்னார்கள் என்று இந்தியப் பாஸ்போர்ட் எடுத்து, அதில் குத்திய தற்காலிக அனுமதியில் நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார். மாசியில் அது முடிகிறது. 'இந்த ஆள் இல்லாமல் தோட்டம் நடக்காது' என்று தொரை ஒரு கடிதம் கொடுத்தால் நீடிக்க வழியுண்டு. தொரை பைப்பைப் பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: அந்தப் பத்துக் குதிரையைப் பார்க்கிறேன், பொங்கலுக்குள் அறுபது பெட்டியோடு லாரி நிற்காமல் ஏறட்டும், கையெழுத்துப் போடுகிறேன்.

மார்கழியில், புல்லெல்லாம் உறைபனி பூத்துக் கிடந்த ஒரு காலையில், புதுத் தண்டோடு லாரி கிளம்பியது. பாலத்தில் பாஸ் வெற்றிலை போட்டார். பாதி ஏற்றத்தில் லாரி, உட்காரலாமா என்று யோசிக்கிற எருமையைப் போல் நின்றது. இருபது பெட்டியை இறக்கி, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டியதாயிற்று.

"ஏன் பாஸு, குதிரைங்க லீவுங்களா? எங்களக் கட்டிட்டீங்க?" என்றாள் கூடையோடு தள்ளிய ஒருத்தி.

பாஸுக்கு வாய் நிறைந்திருந்தது. கோவிலுக்கு முன்னாலேயே துப்பினார். துப்பிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு முன்னால துப்ப வைக்கிற எஞ்சினு ஒரு எஞ்சினா, கிளாக்கரையா?"

அன்றிலிருந்து அவர் தூங்கியதாக யாரும் சொல்லவில்லை. எஞ்சினின் முன்மூடியைத் திறந்து, பல்லோடு பல் பொருந்தும் இடத்தில் இருக்கும் அடையாளப் புள்ளிகளைப் பார்த்தார். பிசகவில்லை. கதவுகளின் இடைவெளியை அளந்தார். அதற்கு அவர் வைத்திருந்தது தேயிலைப் பெட்டிக்குள் விரிக்கும் ஈயத்தாள். இழுக்கிற கதவுக்கு மூன்று மடிப்பு, தள்ளுகிற கதவுக்கு நான்கு. அதுவும் சரி. பிளக்குகளைக் கழற்றி ஓட்டைகளில் கட்டைவிரலை வைத்து எஞ்சினைச் சுற்றச் சொன்னார். ஆறு ஓட்டையும் விரலைத் தூக்கி எறிந்தன.

பிறகு புகைக்குழாய்தான் தொண்டையை நெரிக்கிறது என்று முடிவு கட்டி அதை அறுத்துப் போட்டார். லாரி கிளம்பிய சத்தத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்கள் மலை சரிகிறது என்று ஓடினார்கள். தொரையின் நாய் கட்டிலுக்கு அடியில் போனது, மூன்று நாள் வெளியே வரவில்லை. லாரி மட்டும் அதே இடத்தில் நின்றது.

"ஒசரமுங்க. இந்த மலையில காத்தே மெலிசு. குதிரைக்கு மூச்சு வாங்குது."

"பழைய தண்டும் இதே மலையில்தானே ஏறியது, பாஸ்?"

என்னோடு இரண்டு நாள் பேசவில்லை.

முத்தையாவையும் விடவில்லை. "மாப்ள, முழுசா மிதிச்சியா?"

"தரையில போயி இடிக்குது மாமா. இதுக்கு மேல மிதிச்சா ரோட்டுலதான் மிதிக்கணும்."

அந்த நாட்களில் பாஸ் மேலே சாக்கைப் போர்த்திக்கொண்டு திரிந்தார். தோட்டம் கொடுத்த கம்பளி எங்கே என்று ஒரு தடவை கேட்டேன். "இருக்குங்க" என்றார். எஞ்சின் நினைப்பில் அடகு கிடகு வைத்துவிட்டாரோ என்று நான்தான் கண்டபடி எண்ணினேன்.

பொங்கலுக்கு முந்தைய நாள். அறுபது பெட்டி. பாஸ் தம் நெற்றியில் பூசிய திருநீற்றை எஞ்சினுக்கும் பூசியிருந்தார். பாதி ஏற்றம், அதே எருமை. பாஸ் கோவிலுக்கு முன்னாலேயே துப்பினார். இந்தத் தடவை கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. சாமியோடு கோபம். முத்தையா லாரியைப் பின்னோக்கியே மெதுவாக உருட்டிப் பாலத்துக்குக் கொண்டுவந்தான். மழை பிடித்துக்கொண்டது. பாஸுக்குப் பல் கிட்டித்தது. நெற்றியைத் தொட்டேன், சுட்டது.

"போனாப் போகுது, கிளாக்கரையா" என்றார். "அந்த ஊருலயும் லாரி இருக்கும்."

எந்த ஊர்? இந்தியாவில், துறையூருக்குப் பக்கத்தில் ஒன்று. அவருடைய தாத்தா விட்டுவந்த ஊர். பாஸ் அதைக் கனவில்கூடப் பார்த்ததில்லை.

முத்தையா ஸ்டியரிங்கை விட்டான். பிறகு குனிந்து, காலுக்குக் கீழேயிருந்து எதையோ உருவினான். நாலாக மடித்த கறுப்புக் கம்பளி. ஈரம், பெட்ரோல், மண், எல்லாம் சேர்ந்த வாடை.

"இந்தாங்க மாமா. உங்க கம்பளிய நீங்களே போத்துங்க. எங்காலு வெறச்சா வெறச்சுட்டுப் போகட்டும்."

புதுத் தண்டைப் பொருத்திய அன்றைக்கு, ஓட்டை வழியாக வந்த காற்றில் முத்தையாவின் கால் வெடித்து ரத்தம் கசிவதைப் பார்த்து, பாஸ் தம் கம்பளியை மடித்து அங்கே விரித்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை. அதன் பிறகு அவரே மறந்துவிட்டார்.

முத்தையா மிதித்தான். லாரி ஓர் உறுமல் உறுமியது. அதுவரை கேட்காத உறுமல். பாலம் பின்னால் போனது, சவுக்கு மரங்கள் பின்னால் போயின, பாஸ் அவசர அவசரமாக வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவுவதற்குள் கோவில் மணி பக்கத்தில் தெரிந்தது.

"நிப்பாட்டு மாப்ள."

இறங்கினார். மழையில் நின்றபடி முத்தையாவின் காலடியில் குனிந்து பெடலைக் கையால் அழுத்தினார். பிறகு கம்பளியை மடித்து அடியில் வைத்து அழுத்தினார். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பா அழுகையா என்று மழை காட்டவில்லை.

"ரெண்டு விரக்கடை. ரெண்டு விரக்கடை கொறையுதுங்க. புதுத் தண்டு வேகத்துலதான் பலம் காட்டும். ஓடவே விடல நான். ஒரு மாசமா எஞ்சினக் கழட்டுனேன், எங்கம்பளியக் கழட்டல."

"தொரைகிட்ட என்னான்னு சொல்றது மாமா?" என்றான் முத்தையா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். 'கட்டுப்பாட்டு உறுப்புகளில் மிக நுட்பமான திருத்தம்' என்று இங்கிலீஷில் தட்டிக் கொடுத்தேன். தொரை தலையை ஆட்டிக் கையெழுத்துப் போட்டார். கொழும்பில் அனுமதியை நீடித்தார்கள். ஒரு வருஷம்.

அந்த ஒரு வருஷத்தில் அவர் மிகவும் சந்தோஷமாக இருந்தார் என்றுதான் நான் நினைத்துக்கொள்கிறேன். காலடி ஓட்டையைத் தகடு வைத்து அடைத்தார். கோவிலைத் தாண்டித்தான் துப்பினார். அடுத்த மாசியில் தொரை இன்னொரு கடிதம் கொடுத்தார், நான் முன்னதைவிட நல்ல இங்கிலீஷில் தட்டினேன். முடியாது என்று பதில் இரண்டு வரியில் வந்தது.

அவரை ஹட்டன் ஸ்டேஷனுக்கு அதே லாரியில்தான் கொண்டுபோனோம். ஒரு தகரப் பெட்டி, ஸ்பானர் மூட்டை. பாலத்தில் வெற்றிலை போட்டார். லாரி பூப்போல ஏறியது. கோவில் வந்தது, போனது. துப்பவில்லை. பதினான்கு மைலும் வாயை மூடியபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். துப்பினால் ஏதாவது பேச வேண்டியிருக்கும் என்பதால்தான் துப்பவில்லை என்று எனக்குத் தெரியும். முத்தையாவுக்கும் தெரியும். நாங்களும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வாயில் வெற்றிலைகூட இல்லை.

ரயில் நின்றது. பெட்டியை ஏற்றினோம். பிளாட்பாரத்து ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தார். தோளிலிருந்த கம்பளியை எடுத்து என் கையில் வைத்தார்.

"அங்க ஒரே வெயிலாம். மேடே கெடையாதாம், கிளாக்கரையா. தரையெல்லாம் சமமாம். குதிரைக்கு அங்க என்னா வேல?"

ரயில் நகர்ந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி அவர் எட்டிப் பார்த்தார்.

"காலுக்கு அடியில மட்டும் போட்டுறாதீங்க. போத்திக்கிங்க."