சகலையின் இங்கிலீசும் என் வயிற்றெரிச்சலும்

பத்து பாகாட்,
ஞாயிறு காலை.

பெக்கோக்கில் வசிக்கும் மதிப்பிற்குரிய மச்சான் திருச்செல்வம் அவர்களுக்கு,

உங்கள் தங்கை கணவன் தங்கராஜு வணக்கத்துடன் எழுதுவது. இங்கு நானும் யோகேஸ்வரியும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். குறை மனத்துக்குத்தான், அதுவும் எனக்கு மட்டும். போனில் சொன்னால் சமையலறை வரை கேட்கும் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

முட்டி வலியால் எங்கள் லோஷினியின் நிச்சயதார்த்தத்துக்கு உங்களால் வர முடியவில்லை. எல்லாம் நல்லபடி நடந்தது என்று யோகேஸ்வரி சொல்லியிருப்பாள். அவள் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். இதற்கெல்லாம் மூலகாரணம் உங்கள் சின்னத் தங்கையைக் கட்டி தெப்ராவில் குடியிருக்கும் காளிதாஸ்தான். தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வரும் மனிதர், இங்கிலீஷ் பேசுவார், பேசட்டும், எனக்கென்ன? ஆனால் போன பொங்கலுக்கு அவர் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோமே, ஆயர் ஈத்தாம் வரைக்கும் காரில் யோகேஸ்வரிக்கு ஒரே பேச்சு. "காளிதாஸ் பேசுனா கேட்டுக்கிட்டே இருக்கலாம் லா. என்னா இங்கிலீஷ்!" நான் வேலைக்காலம் முழுக்க நூல் ஆலையில் மிஷின் சத்தத்துக்கு மேலே மலாயில் கத்தியவன். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் பேச்சை யாரும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்று சொன்னதில்லை, போதும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்குப் பிடித்த வயிற்றெரிச்சலுக்கு இன்னும் மருந்து இல்லை.

அதனால் நிச்சயத்தன்று பெண்ணின் அப்பா என்ற முறையில் நான் இங்கிலீஷில் பேசிவிடுவது என்று முடிவெடுத்து, போனில் அகராதியை இறக்கிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஒன்று தெரிந்தது. நாம் பேசும் ஒவ்வொரு சாதாரணச் சொல்லுக்கும், அதே குடும்பத்தில் பிறந்து பெரிய இடத்தில் வாழ்க்கைப்பட்ட சொல் ஒன்று இருக்கிறது. 'ஆஃபீஷியல்' எல்லோருக்கும் தெரியும், 'ஆஃபீஷியஸ்' எத்தனை பேருக்குத் தெரியும்? 'நாய்ஸி'க்கு அக்கா 'நாய்சம்'. 'மெரிட்' என்பதிலிருந்து 'மெரிட்ரிஷஸ்'. பொருள் ஒன்றாகத்தான் இருக்கும், மதிப்பு மட்டும் கூட என்று நினைத்துப் பொருளைப் படிக்காமல் உச்சரிப்பை மட்டும் பழகினேன். அங்கேதான் மச்சான் விழுந்தேன்.

மைக்கைப் பிடித்தேன். இது ஓர் ஆஃபீஷியஸ் நிகழ்ச்சி என்று தொடங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா தேன்மொழி, ஜொகூர் பாருவில் இங்கிலீஷ் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், தலையைக் குனிந்துகொண்டார். அடக்கம் என்று நினைத்தேன். அவர்கள் குடும்பம் வந்ததும் வீடே கலகலப்பானதைப் பாராட்டி, உங்கள் குடும்பத்தைப் போல நாய்சமான குடும்பத்தை நான் பார்த்ததில்லை என்றேன். ஆஃபீஷியஸ் என்றால் கேட்காத இடத்தில் மூக்கை நுழைத்து அதிகாரம் பண்ணுவதாம், நாய்சம் என்றால் சத்தம் இல்லையாம், நாற்றமாம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது எனக்கு உற்சாகம் தாங்கவில்லை, கடைசியாக என் மகள் லோஷினி ரொம்ப மெரிட்ரிஷஸ் என்று முடித்துவிட்டுக் கைதட்டலுக்குக் காத்திருந்தேன்.

மாப்பிள்ளை ரூபேந்திரன் போனில் அந்தச் சொல்லைத் தட்டிப் பார்த்தார். பார்த்தவர் சட்டென்று போனைக் கவிழ்த்து வைத்தார். பக்கத்திலிருந்த அவருடைய பெரியப்பா விடவில்லை. "என்னாடா போட்டிருக்கு? காட்டு!" காட்டியதும் எழுந்துவிட்டார். "பெத்த அப்பனே சபையில பொண்ண மேனாமினுக்கிங்கிறாரு. அதுக்குப் பழைய அர்த்தம் இன்னும் மோசம், நான் வாயால சொல்ல மாட்டேன். வாங்க, போலாம்!" லோஷினிக்குக் கண் கலங்கிவிட்டது.

அப்போதுதான் காளிதாஸ் எழுந்தார். "பெரியப்பா, உக்காருங்க. அண்ணே சொல்ல வந்தது மெரிடோரியஸ், பாராட்டத் தகுந்த பொண்ணுன்னு. நானே ஆபீஸ்ல இதே மாதிரி மாத்திச் சொல்லி பாஸ்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டிருக்கேன்." சபை சிரித்தது, பெரியப்பா உட்கார்ந்தார், தட்டு மாற்றினோம். நன்றி சொல்ல வேண்டியவன் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யோகேஸ்வரி அவருக்குத் தன் கையாலேயே இரண்டாம் தரம் பாயாசம் ஊற்றினாள், என் இலைப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் என் மானத்தைக் காப்பாற்றாமலே இருந்திருக்கலாம்.

கை கழுவும் இடத்தில் சம்பந்தியம்மா வந்து, "சார், ரெண்டு சொல்லும் ஒண்ணுன்னா மொழிக்கு எதுக்கு ரெண்டு?" என்று கேட்டார். காளிதாஸ் மேல் எனக்குக் கொஞ்சம் ஜெலஸ், டீச்சர், என்று உள்ளதைச் சொல்லிவிட்டேன். "அது ஜெலஸா, என்வியா? இல்லாதது அடுத்தவங்ககிட்ட இருக்கேன்னு எரிஞ்சா என்வி. இருக்கிறத அடுத்தவங்க கொண்டு போயிருவாங்களோன்னு பதறுனா ஜெலஸ்" என்றார். அந்தக் கணக்கில் காளிதாஸின் இங்கிலீஷுக்கு எனக்கு என்வி, பாயாசத்துக்கு ஜெலஸ். இரண்டும் சேர்ந்துதான் நெஞ்சைக் கரிக்கிறது. அன்றிலிருந்து டீச்சர் தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் ஒரு சொல்லைக் குரலிலேயே விளக்கி அனுப்புகிறார். எவ்வளவு தெளிவு, எவ்வளவு இனிமை! கேட்டுக்கொண்டே இருக்கலாம்.

மச்சான், கல்யாணத்தில் தாய்மாமன் நீங்கள், மேடைப் பொறுப்பு உங்களுடையது. ஒரே வேண்டுகோள். காளிதாஸ் கையில் மைக் போகக் கூடாது. பந்தியிலும் அவரைக் கடைசி வரிசையில், யோகேஸ்வரி பரிமாறாத பக்கமாகப் பார்த்து உட்கார வையுங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. முட்டி சீக்கிரம் மடங்கி நிமிர முருகன் துணை நிற்கட்டும்.

இப்படிக்கு,
தங்கராஜு

பி.கு.: உறையில் போடுவதற்குள் யோகேஸ்வரி கடிதத்தைப் படித்துவிட்டாள். காளிதாஸைப் பற்றி எழுதியதற்குத் திட்டுவாள் என்று பார்த்தால், அதைத் தொடவே இல்லை. "இனிமையா? யாரு குரலு இனிமை? தினமும் காலையில காதுல மாட்டிக்கிட்டு சிரிச்சது இதுக்குத்தானா?" என்று என் போனைப் பிடுங்கி, "சம்பந்தி, இனிமே வார்த்தைய எனக்கு அனுப்புங்க, அவருக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று அங்கேயே பேசி அனுப்பிவிட்டாள். மச்சான், இது என்வி இல்லை, அசல் ஜெலஸ்! அதுவும் என் பொருட்டு! ஆகவே மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். மைக்கைக் காளிதாஸிடமே கொடுங்கள், விடியும்வரை பேசட்டும். நான் பேச வர முடியாது. கல்யாணம் முடியும்வரை உங்கள் தங்கை பக்கத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு.