இருங்கோ சாரும் யோசித்த மெஷினும்

செஸ் பலகையில் யாராலும் மடக்க முடியாத ஒரே ஆள் எங்கள் ‘இருங்கோ’ சார்தான். ஆனால் எங்கள் மயிலாப்பூர் கிளப்பில் கடிகாரம் வைத்து ஆடத் தொடங்கியபின் அவர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. குழப்பமாக இருக்கிறதா? எழுபதுகளில் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது.

செஸ் கடிகாரத்துக்கு இரண்டு முகம், ஆளுக்கு ஒன்று. நம் நேரம் தீர்ந்தால் நம் பக்கத்துக் குட்டிச் சிவப்புக் கொடி விழும், ஆட்டம் போச்சு. சார் எதிராளியின் ராஜாவை மூலையில் முடக்கிவிட்டு, குதிரையைத் தொடப் போய், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு “இருங்கோ” என்பார். கொடி விழும். எதிராளிக்கு எப்படி ஜெயித்தோம் என்றே தெரியாது, கைகுலுக்கிவிட்டு ஓடிவிடுவான்.

கிளப் செயலாளருக்குப் பொறுமை போய்விட்டது. அடையாறு பக்கம் ஒரு கல்லூரிக் கம்ப்யூட்டருக்கு அப்போது யாரோ செஸ் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். “அதையாவது ஜெயிங்க சார். இல்லேன்னா இனிமே டீம்ல இடம் கெடையாது” என்றார். சாருக்கு அந்த டீம்தான் உயிர்.

கம்ப்யூட்டர் ஒரு ஹால் நிறைய பீரோ பீரோவாக நின்றது. அதற்குக் கை இல்லாததால், அதன் சார்பில் கடிகாரத்தை அமுக்க என்னை உட்கார வைத்தார்கள். நான் எந்தக் கட்சி என்று கடைசிவரை எனக்கே விளங்கவில்லை.

சார் யுகம் யுகமாக யோசித்து ஆடுவார். பக்கத்திலிருந்த டைப் மெஷின் உடனே கடகடவென்று பதில் அடிக்கும். சார் முகம் சுருங்கிவிட்டது.

“என்ன ஓய், நான் இவ்வளவு யோசிச்சு ஆடறேன், ஒரு மரியாதைக்காவது யோசிக்க மாட்டேங்கறதே!”

பிறகு ராணியை ஓரிடத்தில் வைத்தார் பாருங்கள், அபாரம்! மெஷின் கப்சிப். நேரம் போகிறது, பதிலே இல்லை. சாருக்கு வாயெல்லாம் பல்.

“யோசிக்கறது, பாத்தேளா!”

ஆபரேட்டர் எட்டிப் பார்த்தார். “அதெல்லாம் இல்ல சார். உள்ள வேற ஒரு பெரிய கணக்கு ஓடிக்கினு கீது. அத்த முடிச்சிட்டுதான் உங்க ஆட்டத்துக்கு வரும்.”

“ஆபீஸ் வேலையையும் பாத்துண்டு இதையும் யோசிக்கறதா? பாவம்!”

அதற்குள் மெஷினின் கொடி விழுந்தது. சார் ஜெயித்தாகிவிட்டது! கொடி விழுந்ததை எதிராளியான சார் தன் வாயால் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் விதி. “சொல்லித் தொலைங்க சார்!” என்று செயலாளர் கத்தினார்.

“இருங்கோ. யோசிச்சிண்டிருக்கறச்சே கொடியைக் காட்டினா எப்படி இருக்கும்னு எனக்குன்னா தெரியும்?”

மெஷின் சாவகாசமாக வந்து பதில் அடித்தது. நல்ல பதில். சார் குஷியாகி யோசிக்க ஆரம்பித்தார். அவர் கொடியும் விழுந்தது. விழுந்து கிடந்த இரண்டு கொடிகளையும் பார்த்துவிட்டுச் செயலாளர் தலையில் கைவைத்துக்கொண்டார். இரண்டும் விழுந்தால் டிரா, ஜெயம் யாருக்கும் இல்லை. டீமும் இல்லை.

திரும்பும்போது பஸ்ஸில் சார் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். வருத்தத்தை மறைக்கத் தெரியாத மனிதர். மயிலாப்பூர் வந்ததும், “இருந்தாலும் நன்னா யோசிச்சுது ஓய்” என்றார்.

மறுநாள் அவரோடு ஆட உட்கார்ந்தபோது கடிகாரத்தை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். குதிரையைத் தொடப் போனவர் கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மெதுவா ஆடுங்க சார், எனக்கு ஒரு வேலையும் இல்லே” என்றேன்.

வீட்டில் எனக்குப் பெண் பார்க்கப் போக எல்லோரும் கிளம்பி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த மனுஷரை அவசரப்படுத்த எனக்கு மனசே வரவில்லை.