சுவிஸ் அண்ணை மலையேறிய ஞாயிற்றுக்கிழமை

லண்டன் லூயிஷாம் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்க, கணுக்கால் மறைய நாடா கட்டிய மலையேறும் சப்பாத்தும் கைக்கொரு ஊன்றுகோலுமாக வந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் சுவிஸ் அண்ணை. இன்னொருவரைத் தெரியும் என்று நீங்கள் சொன்னால் நான் நம்பப் போவதில்லை.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. ஆனால் சுவிற்சர்லாந்தில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு மாறி வந்தவர், வந்த நாளிலிருந்து எதைக் கண்டாலும் "சுவிஸ்ல இப்பிடி இல்லை" என்றார். பாலைக் குடித்தாலும் அதே தீர்ப்பு. ரயில் பிந்தினாலும் அதே தீர்ப்பு. ஒருமுறை வீட்டுக்குள் ஓர் எலி ஓடியபோதும் அதையே சொன்னார். அதன் பிறகு அவருடைய சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

லூயிஷாமில் அந்த வாடகை வீட்டில் நாங்கள் மூன்று பேர். கீழ் அறையில் சுவிஸ் அண்ணை. மேலே ஒன்றில் திருச்சிக்காரன் செந்தில், கம்ப்யூட்டர் வேலை. மற்றதில் நான், பெற்றோல் அடிக்கும் செற்றில் ஷிப்ட். அண்ணை ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டினார். மீன் வெட்டும்போதும் அதே சப்பாத்துத்தான். அறுக்குளாவுக்குத் தலை வேண்டுமா வேண்டாமா என்று கேட்டபடியே, பனிச்சரிவில் கால் எப்படி வைக்க வேண்டும் என்று வாடிக்கையாளருக்கு விளக்குவார். யார் காலைப் பார்த்தாலும் சப்பாத்தின் சாதகத்தையே சொல்லிவிடுவார்: இது ஆயிரம் மீட்டருக்கு மேல் தாங்காது, இதன் அடி ஈரத்தில் வழுக்கும், இதைப் போட்டவன் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடுவான். லூயிஷாமிலிருந்து பிளாக்ஹீத்துக்கு பஸ் ஏறினால், மேடு தொடங்கும் இடத்தில் எங்களுக்கு ஆளுக்கொரு ரொஃபி தருவார். உயரம் போனால் காது அடைக்குமாம்.

இப்படிப்பட்ட மனிதரின் உயிர் வீட்டு ஓடையில், வாசலிலிருந்து அறைகளுக்குப் போகும் அந்த ஒடுங்கிய நடையில், இருந்த ஒரு பழைய கம்பிப் போனில் இருந்தது என்பதை நான் அறிந்தது 2009இல்தான்.

வன்னிக்குள்ளே அவருக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். வதனி என்று பெயர். அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே சொந்தம். சண்டை நெருங்க நெருங்க ஒவ்வோர் இடமாகப் பெயர்ந்து போனவள், எப்போதாவது யாரோ ஒருவரின் சற்றலைட் போனுக்கு வரிசையில் நின்று, இரண்டு நிமிடம் கதைப்பாள். அவளுக்குத் தெரிந்த நம்பர் அந்த வீட்டுப் போனின் நம்பர் மட்டும்தான்.

"எழுதி வச்சதெல்லாம் இடம்பெயரேக்க துலைஞ்சு போச்சு தம்பி. இது ஒண்டுதான் அவளுக்குப் பாடம். இந்த வயர் அறுந்தா அவளும் நானும் அறுந்த மாதிரி" என்றார்.

ஆகவே வீட்டில் எப்போதும் ஓர் ஆள் இருந்தாக வேண்டும். பிரிட்ஜ் கதவில் ஷிப்ட் அட்டவணை ஒட்டப்பட்டது. குளிக்கப் போகிறவன் சொல்லிவிட்டுப் போக வேண்டும். வேறு யாரும் அந்தப் போனில் அரை நிமிடத்துக்கு மேல் கதைக்கக் கூடாது. செந்திலின் அம்மா திருச்சியிலிருந்து எடுத்தால், "அம்மா, சுகமோ? மகன் நல்லாச் சாப்பிடுறான். சந்தோசம். வையுங்கோ" என்று அண்ணையே முடித்து வைத்துவிடுவார். அந்த அம்மா மகனுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"அண்ணே, வர்ற காலை உங்க மொபைலுக்கே டைவர்ட் பண்ணித் தர்றேன். எங்க வேணாலும் போலாம்" என்று செந்தில் கெஞ்சிப் பார்த்தான்.

"வன்னியிலயிருந்து குண்டுக்குள்ளால வாற கோல், லூயிஷாமில இறங்கி இன்னொரு பஸ் மாறவேணுமோ? இடையில துலைஞ்சால் ஆர் பொறுப்பு?"

கம்ப்யூட்டர் படித்தவன் பிரிட்ஜ் கதவில் தன் ஷிப்டைப் பார்க்கப் போனான்.

ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு பின்னேரம் வதனி எடுத்தாள். நான் பக்கத்தில் நின்றேன். கம்பிப் போனுக்குள்ளிருந்து அவளுடைய குரல் ஓடை முழுக்கக் கேட்டது. சாப்பாட்டைப் பற்றி அவர் கேட்க, அதை விட்டுவிட்டு அவள் வேறு கேட்டாள்.

"அண்ணை, அங்கை இப்ப செர்ரி பூக்கிற காலமெல்லே? மலைக்குப் போகேல்லையோ?"

"போகாமல்? இந்த ஞாயிறு ஏறுறன்."

"ஒவ்வொரு வருசமும் ஏறுறியள். ஒரு படம் அனுப்பினதில்லை. மரம் முழுக்கப் பூவாம், ஒரு இலையும் இல்லையாம், அதுக்குக் கீழ நீங்கள் நிக்கிற மாதிரி ஒண்டு எடுத்து வையுங்கோ. நான் வந்து பாக்கிறன்."

"ஓம் பிள்ளை, எடுத்து வைக்கிறன்" என்று அவர் சொல்லி முடிக்குமுன் லைன் போய்விட்டது.

அந்த ஞாயிறு அவர் போகவில்லை. மறு ஞாயிறும் இல்லை. போனை விட்டு நகர மாட்டேன் என்றார். கடைக்கு லீவு போட்டார். எங்கள் சனமெல்லாம் சண்டையை நிறுத்தச் சொல்லிப் பாராளுமன்றத்துக்கு முன்னால் போய் நின்ற நாள்களில்கூட அவர் ஓடையில், போனுக்குப் பக்கத்தில், சப்பாத்தோடு கதிரையில் இருந்தார். இரண்டு கிழமையாக ஓர் அழைப்பும் இல்லை. நான் கிரீனிச் பூங்காவுக்குப் போய், மேட்டின் மேலே இரண்டு வரிசையாக நிற்கும் செர்ரி மரங்களைப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்: "அண்ணை, பூத்திட்டுது. ஒரு கிழமைதான் நிக்கும். ஒரு காத்து அடிச்சா முடிஞ்சுது. பிறகு வதனி வந்து படத்தைக் கேட்டால் என்ன சொல்லுவியள்?"

அவர் போனைப் பார்த்தார்.

"அவ எப்பவும் பின்னேரத்திலதானே எடுக்கிறவ? காலமை போய் மத்தியானத்துக்கு முதல் வந்திடலாம். செந்தில் இருப்பான்" என்று நானேதான் வற்புறுத்தினேன். இந்த வரியை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ஞாயிறு காலை அவருடைய மூட்டையைப் பார்த்தால் மூன்று மாதத்துக்குத் திரும்பமாட்டார் என்று தோன்றும். புட்டுப் பார்சல் ஆறு, சம்பல் போத்தல், பிளாஸ்க், விசில், குடை, உடுப்புக் காயப் போடுகிற கயிறு ஒரு கட்டு.

"கயிறு எதுக்கண்ணே?" என்றான் செந்தில்.

"ஆராவது விழுந்தால்?"

லூயிஷாமிலிருந்து பிளாக்ஹீத்துக்கு பஸ்ஸில் ஏறிவிட்டால், மிச்சத்தைச் சமதரையில் நடந்து நேரே மரத்தடிக்கே போய்விடலாம். சொன்னேன். அவர் என்னைப் புழுவைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"மலையெண்டால் அடியிலயிருந்து ஏறவேணும். மேல போய் இறங்கினால் அது ஏறினதாகுமோ?"

ஆகவே டிஎல்ஆர் ரயில் பிடித்து ஆற்றங்கரைப் பக்கம் போய் இறங்கி, பூங்காவின் கீழ் வாசலில் இருந்து தொடங்கினோம். பத்து நிமிட ஏற்றம். அண்ணை இருபது அடிக்கொருமுறை விசில் அடித்து ஓய்வு அறிவித்தார். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவி எங்களைத் தாண்டி மேலே போனாள். நாங்கள் இரண்டாவது புட்டுப் பார்சலை அவிழ்த்தபோது அவள் திரும்பி இறங்கி வந்துகொண்டிருந்தாள். கயிற்றைப் பார்த்து, "உதவி வேண்டுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணை, சுவிஸ்ல மூவாயிரம் மீட்டர் ஏறினனீங்கள். இதுக்கு இப்பிடி இளைக்குது?"

அவர் ஊன்றுகோல் இரண்டையும் புல்லில் போட்டுவிட்டு அங்கேயே குந்தினார்.

"நான் ஒரு மலையும் ஏறேல்லையடா."

நான் புட்டை விழுங்க மறந்தேன்.

"மலையடிவாரத்தில ஒரு ஹோட்டல். நிலத்துக்குக் கீழ குசினி. பன்னிரண்டு வருசம் கோப்பை கழுவினன். றோட்டு மட்டத்தில ஒரு சின்ன ஜன்னல். அதால பாத்தால் போறவை வாறவையின்ரை சப்பாத்து மட்டும் தெரியும். காலமை சுத்தமாப் போகும், பின்னேரம் சேறோட வரும். சித்திரையில அடியில வெள்ளைப் பூ ஒட்டிக்கொண்டு வரும். செர்ரியெண்டு கூட வேலை செய்தவன் சொன்னவன். நான் வதனிக்கு எழுதினன், மலைக்குப் போனனான், மரம் முழுக்கப் பூ எண்டு. அவளுக்கு வலு சந்தோசம். பிறகு வருசா வருசம் எழுதவேண்டி வந்திட்டுது. லண்டனுக்கு வந்தும் விடேலாமப் போச்சு."

ஊன்றுகோல்களை எடுத்துக்கொண்டு எழும்பி, "அவள் வரேக்குள்ள ஒருக்காவெண்டாலும் உண்மையா இருக்கவேணும்" என்றார்.

மேலே போய்ச் சேர்ந்தோம். சுவிஸில் இப்படி இல்லை என்றுகூட அவர் சொல்லவில்லை. பாதையின் இரண்டு பக்கமும் மரங்கள் இளஞ்சிவப்பாக நின்றன. ஒரு மரத்தடியில் போய் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார், கோயிலுக்குள் போனவர் போல.

படம் எடுக்கத்தான் பெரும்பாடு. பின்னால் ஆள்கள் குந்தியிருந்த வாங்கு தெரியக் கூடாது, பிள்ளைத் தள்ளுவண்டி தெரியக் கூடாது, ஐஸ்கிரீம் வான் தெரியவே கூடாது. மலையாகத் தெரிய வேண்டும். கடைசியில் நான் புல்லில் மல்லாக்கப் படுத்து, கீழேயிருந்து மேலே பார்த்து எடுத்தேன். சப்பாத்து, அதற்கு மேல் அண்ணை, அதற்கு மேல் பூ, அதற்கு மேல் வானம். "சிரியுங்கோ" என்றால் ராணுவ வீரன் மாதிரி விறைத்தார். முப்பது படம் எடுத்தேன். கடைசிப் படத்தில் ஓர் இதழ் அவர் மூக்கில் விழ, சிரித்துவிட்டார்.

மத்தியானத்துக்கு முதல் வீடு வந்தோம். செந்தில் ஓடையில், போனுக்குக் கீழே தரையில் இருந்தான்.

"அண்ணே, உங்க தங்கச்சி கூப்பிட்டாங்க."

அண்ணை மூட்டையை இறக்கி வைத்தார்.

"'அண்ணை நிக்கிறாரோ'ன்னு கேட்டாங்க. மலைக்கு ஏறியிருக்காரு, செர்ரி பூ பாக்கன்னு சொன்னேன். அப்புறம் சிரிச்சாங்க அண்ணே. 'உண்மையாவே ஏறிட்டாரோ? கடைசியில ஏறியே போட்டாரோ?'ன்னு கேட்டாங்க. ஆமாங்க, படம் எடுக்கப் போயிருக்காருன்னேன். 'அப்ப நல்லது. எடுத்து வைக்கச் சொல்லுங்கோ'ன்னாங்க. இருங்க, அவரு மொபைல் நம்பர் தர்றேன்னு சொல்றதுக்குள்ள லைன் போயிருச்சு. திரும்ப வந்தா எடுக்கணும்னு இங்கயே உக்காந்துட்டேன்."

அண்ணை கதிரையில் குந்தி, ஒரு சப்பாத்தின் நாடாவை அவிழ்த்தார். மற்றதை அவிழ்த்தார். அடியில் பூவிதழ்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அப்ப அவளுக்கு முதல்லயே தெரிஞ்சிருக்கு" என்றார். "இத்தனை வருசமும் நான் ஏறேல்லையெண்டு தெரிஞ்சுகொண்டுதான் கேட்டவள்."

பிறகு, "சிரிச்சவளோ?" என்றார்.

"ஆமாண்ணே."

"எப்பிடி?"

செந்தில் வாழ்நாளில் நடித்தவன் இல்லை. கூச்சத்தோடு, அந்த ஓடையில், ஒரு பெண் சிரிப்பதுபோல மெல்லச் சிரித்துக் காட்டினான். அண்ணை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

அதன் பிறகு அந்தப் போன் எத்தனையோ முறை அடித்தது. செந்திலின் அம்மா எடுத்தார், ஜன்னல் விற்கிறவர்கள் எடுத்தார்கள். வதனி எடுக்கவில்லை. மே மாதத்தில் சண்டை முடிந்தது என்றார்கள். முகாம்களில் தேடினோம், பெயர்ப் பட்டியல்களில் தேடினோம். மாதங்கள் போனபின் நோர்பரியிலிருந்து அவருடைய ஊர்க்காரர் இரண்டு பேர் வந்து, இனிச் செய்ய வேண்டியதைச் செய்துவிட வேண்டும், அந்தியேட்டிக் கிரியைக்கு ஐயரோடு கதைத்துவிட்டோம் என்றார்கள். தங்கச்சியின் படம் ஒன்று தந்தால் பெரிதாக்கி மாலை போடலாம் என்றும் கேட்டார்கள்.

"எந்தத் திகதிக்குச் செய்யிறது? எந்தத் திதிக்கு?" என்று கேட்டார் அண்ணை. "அவள் என்ரை படத்தைப் பாக்கிறன் எண்டு சொன்னவள். அவளின்ரை படத்தை நான் ஏன் கொழுவ?" அவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டார். அன்றைக்கு நான் அவர்கள் பக்கம்தான் இருந்தேன். இப்போது இல்லை.

செந்தில் கலியாணம் முடித்து ரெடிங்குக்குப் போய்விட்டான். நானும் வேறு வீடு மாறிவிட்டேன். அண்ணை அதே அறையில், அதே நம்பரோடு இருக்கிறார். கம்பிப் போன் எல்லாம் எதற்கு என்று கேட்பவர்களிடம், "சுவிஸ்ல வச்சிருக்கிறவை" என்கிறார். ஓடைச் சுவரில், போனுக்கு மேலே, மூக்கில் பூவிதழோடு சிரிக்கிற அந்தப் படம். யாராவது வந்து பார்க்க வசதியாக, கண் மட்டத்தில் மாட்டியிருக்கிறார்.

ஒவ்வொரு சித்திரையிலும் நாங்கள் மூவரும் கூடுகிறோம். இரண்டு பேர் அடியிலிருந்து ஏறுவது, ஒருவர் போனுக்குக் காவல். இந்த வருடம் காவல் என் முறை. செந்திலும் அண்ணையும் கயிற்றோடு கிளம்பிப் போய் ஒரு மணித்தியாலம் ஆகிறது. இதை ஓடைக் கதிரையில் இருந்துதான் எழுதுகிறேன். மணி அடித்தால் என்ன சொல்வது என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன்: அண்ணை மலைக்குப் போயிருக்கிறார், இப்ப வந்திடுவார். வைச்சிடாதையுங்கோ தங்கச்சி.