கறியில்லாக் கறிக்குழம்பும் அத்தானின் அரை மணி நேரமும்

பெண்குலத்தை அடுப்படியிலிருந்து விடுவித்த பெருமை யாரைச் சேரும் என்று அறிஞர்கள் ஆளுக்கொரு பெயரைச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள். வீண் வேலை. அந்தப் பெருமை என் அத்தானைச் சேரும். அக்காவின் கணவர் என்பதற்காகச் சொல்லவில்லை. சம்பவத்தை நேரில் பார்த்தவன், உட்கார்ந்து சாப்பிட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அத்தான் ஒரு பெரிய அலுவலகத்தில் 'நேரச் சிக்கனப் பிரிவு' மானேஜர். நேரத்தை எப்படி மிச்சம் பிடிப்பது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் வேலை; அதற்கே அவருக்கு நாள் பூராவும் போதவில்லை. அந்தப் பிரிவில் ஒரு புனிதமான வழக்கம் உண்டு. எந்த வேலையும் மானேஜர் உள்ளே வந்து ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை அமுக்கும்போதுதான் தொடங்குகிறது. அதற்கு முன்னால் மற்றவர்கள் மாதக்கணக்கில் மாரடித்தது 'முன்னேற்பாடு'. அவர் போன பிறகு மாரடிக்கப் போவது 'பின்னேற்பாடு'. இரண்டும் கணக்கில் சேராது. இந்த முறையால் அங்கே எப்பேர்ப்பட்ட வேலையும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடுகிறது. மேலிடம் பூரித்துப் போயிருக்கிறது.

அக்கா ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநர். ஊருக்கு வெளியே திறக்கப்போகிற புதுக் கிளைக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பக்கம் பஸ் கிடையாது. கார் ஓட்டத் தெரிய வேண்டும். இந்த மாதத்துக்குள் லைசென்ஸைக் காட்டினால் பதவி அவளுக்கு, இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்கு. அக்கா வேலை முடிந்து தினமும் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், திட்டு வாங்கி, இரண்டு தூண்களை இடித்து, ஒருவழியாக ஓட்டக் கற்றுக்கொண்டாள். வேலைக்குப் போகிறவர்களுக்கென்று தனியாக வைத்த டெஸ்ட், ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை பகல் என்றால் அந்த வீட்டில் கறிக்குழம்பு. காலையில் அடுப்பில் ஏறுகிற சட்டி, எல்லோருக்கும் பசி உச்சத்துக்குப் போன பிறகுதான் இறங்கும். அத்தானுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இது தவறியதில்லை. அதனால் அக்கா மெல்லத்தான் பேச்செடுத்தாள்.

"என்னங்க, இந்த ஒரு ஞாயிறு மட்டும் வெளியில வாங்கிச் சாப்பிட்டுக்கறீங்களா? எனக்கு டெஸ்ட் இருக்கு."

சாதாரண மனுஷனாக இருந்தால் 'சரி' என்று சொல்லி, மாபெரும் சீர்திருத்தத்தை ஒரே சொல்லில் கெடுத்திருப்பான். அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"வெளியில வாங்கறது தற்காலிகத் தீர்வும்மா. நாம வேரைப் பிடிக்கணும். ஏன் இவ்வளவு நேரம் ஆகுது? கறி வேகணும். சரி, கறியே இல்லேன்னா?"

"இல்லேன்னா?"

"வேகறதுக்கு என்ன இருக்கு? அரை மணி நேரத்துல வேலை முடிஞ்சுது. பன்னெண்டு மணிக்கு நீ டெஸ்ட்ல இருக்கே!"

அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அப்ப ஒரு காய்க்குழம்பு வச்சுட்டுக் கிளம்பிடறேன்" என்றாள்.

"காய்க்குழம்பா?" அத்தான் முகம் சுளித்தார். "அது பின்வாங்கறது. நான் சொல்றது கறியில்லாத கறிக்குழம்பு."

அன்று மாலையே ஹாலில் கூட்டம் கூடியது. தலைமை அத்தான். உறுப்பினர்கள் அவருடைய அப்பாவான பெரியவரும், காலேஜில் படிக்கிற மகளும். நான் பார்வையாளர். அக்கா எங்களுக்குக் காபி கலந்துகொண்டிருந்ததால் அவளுடைய ஒப்புதல் கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

"கறி இல்லேன்னா போகட்டும்" என்று பெரியவர் பெருந்தன்மையோடு தொடங்கினார். "முன்னேற்றத்துக்குக் குறுக்க நிக்கிற ஆள் இல்ல நான். ஆனா எலும்பு வேணும்."

"கறியே இல்லையேப்பா, எலும்புக்கு எங்க போறது?"

"அது உன் பாடு. எலும்பை உறிஞ்சாம எனக்குச் சோறு இறங்காது. உள்ள மஜ்ஜையும் இருக்கணும். வெறும் எலும்பை வச்சு என்னை ஏமாத்தலாம்னு பார்க்காத."

மகள் ஃபோனிலிருந்து தலையை நிமிர்த்தினாள். "எனக்குக் கறி நார் நாரா பிரியணும். சோயான்னு தெரிஞ்சுது, தட்டைத் தள்ளிடுவேன்."

"நீ என்ன சொல்றே மாப்ளே?" என்று அத்தான் என்னைக் கேட்டார்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் அத்தான்" என்றேன். எனக்கும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு அங்கேதான்.

நாரும் எலும்பும் மஜ்ஜையும் ஒருமனதாக நிறைவேறின. இவ்வளவு பெரிய சாதனையை வீட்டோடு வைத்துக்கொள்வது சுயநலம் என்று தோன்றியதால், அத்தான் தன் மேலதிகாரியையும் விருந்துக்கு அழைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் போனபோது அக்கா குழாயடியில் நின்று கோதுமை மாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாவைப் பிசைந்து, தண்ணீரில் அலசி அலசி, பால் எல்லாம் போனபின் ரப்பர் மாதிரி மிஞ்சுவதை முறுக்கிக் கட்டி வேகவைத்தால் நார் நாராகப் பிரியுமாம். பக்கத்தில் சோயா ஊறிக்கொண்டிருந்தது. காளான் சாறு கொதித்துக்கொண்டிருந்தது.

"என்னக்கா பண்றே?"

"கறி பண்றேன்டா. முன்னெல்லாம் கடைக்குப் போனா வெட்டிக் குடுத்துடுவான். இப்ப கறியையே நான்தான் உண்டாக்கணும்."

அத்தான் எட்டிப் பார்த்தார். அக்கா சிவந்த விரல்களைக் காட்டி, "என்னங்க, இதெல்லாம் அரை மணியில ஆகற வேலையா?" என்றாள்.

"இதெல்லாம் முன்னேற்பாடும்மா. கணக்குல வராது."

"கை வலிக்குதுங்க."

"வலியும் முன்னேற்பாடுதான்" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போனார்.

ஞாயிறு விடிந்ததும் எலும்பு வேலை. முள்ளங்கியை எலும்பாகச் செதுக்கி, நடுவே குடைந்து, முந்திரி விழுதை மஜ்ஜையாக அடைத்து, உடையாமல் பொரித்தெடுத்தாள் அக்கா. பெரியவர் ஒன்றைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "தொடை எலும்பு இவ்வளவு குட்டையா இருக்காதும்மா" என்றார். அக்கா இன்னும் நான்கு முள்ளங்கியை எடுத்தாள்.

மேலதிகாரி பதினொரு மணிக்கு வருவார், பதினொன்றரைக்குக் குழம்பு இறங்கும், நான் என் பைக்கில் அக்காவைக் கொண்டுபோய் விடுவேன் என்பது திட்டம். பதினொரு மணிக்கு எல்லாம் தயார், மேலதிகாரியைத் தவிர. அக்கா உடை மாற்றி, கைப்பையை மாட்டிக்கொண்டு அடுப்புக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, நான் குழம்பைக் கூட்டி வச்சுட்டுக் கிளம்பறேனே. சார் வந்ததும் நீங்க காட்டிக்குங்க."

"கூட்டறதுதான்மா வேலையே! அதையும் இப்ப முடிச்சுட்டா, அரை மணி நேரம் நான் எதைச் செய்யறது?"

"அப்ப நீங்களே கூட்டிக்குங்க."

அத்தான் பதறிப்போனார். "எதை எப்பப் போடணும்னு எனக்கு என்ன தெரியும்? மானத்தை வாங்காத. இதோ வந்துடுவார்."

பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னால் மேலதிகாரி வந்தார். நேரந்தவறாமை பற்றிய மீட்டிங் இழுத்துக்கொண்டே போய்விட்டதாம். அத்தான் இஸ்திரி போட்ட சட்டையின்மேல் அடுப்படித் துணியைக் கட்டிக்கொண்டு கடிகாரத்தை அமுக்கினார். வேலை 'தொடங்கியது'.

அந்தக் காட்சியைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். அத்தான் கரண்டியைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். சட்டியில் போட வேண்டியதை எல்லாம் அக்கா போட்டாள். கிளற வேண்டியபோது, கரண்டி அத்தான் கையில் இருந்ததால், வேறொன்றை எடுத்துக் கிளறினாள். கைப்பை அவள் தோளிலேயே கிடந்தது. அதற்குள் ஃபோன் அடித்தது. அக்கா என்னைப் பார்த்தாள். நான் சட்டியைப் பார்த்தேன். வாசனை தூக்கிற்று.

"கவனம் சிதறக்கூடாது" என்றார் அத்தான். ஃபோன் அடித்து ஓய்ந்தது.

மேலதிகாரி மரியாதைக்காக, "இதுல மேடத்தோட பங்கு என்ன?" என்று கேட்டார்.

"இவ சும்மா பக்கத்துல நிக்கறா சார். ஒரு தெம்புக்கு."

அத்தான் கடிகாரத்தை நிறுத்தியபோது அரை மணி இன்னும் ஆகியிருக்கவில்லை. எல்லோரும் கைதட்டினோம். அக்கா ஹாலின் மூலைக்குப் போய் டிரைவிங் ஸ்கூலைக் கூப்பிட்டுப் பேசிவிட்டு வந்தாள்.

"டெஸ்ட் எடுக்கறவர் கிளம்பிட்டாராம். இந்த மாசம் வேற தேதி இல்லையாம்." கைப்பையைத் தோளிலிருந்து கழற்றினாள். "அந்த வேலை போச்சுடா. எனக்கு அழுகையா வருது."

அத்தான் காதில் அது விழுந்தது. பெரிய மனசு அவருக்கு. "லைசென்ஸ் எங்க ஓடிடப் போகுது? இனிமே ஒவ்வொரு ஞாயிறும் நீ ஃப்ரீதானே! சரி, தட்டைப் போடு" என்றார்.

அக்கா தட்டுகளைப் போட்டாள். கறி நார் நாராகப் பிரிந்தது. மகள் தட்டைத் தள்ளவில்லை. பெரியவர் முள்ளங்கி எலும்பை உறிஞ்சிவிட்டு, "மஜ்ஜையில உப்பு ஒரு கல்லு கம்மி. மத்தபடி ஆடுதான்" என்று சான்று வழங்கினார். மேலதிகாரி மூன்றாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டார். எனக்கு எத்தனையாவது முறை என்று நான் கவனிக்கவில்லை. அக்கா இன்னும் உட்காரவில்லை. 'பின்னேற்பாடு' மலைபோல் குவிந்திருந்ததால் கழுவ ஆரம்பித்திருந்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் எழுந்து சின்னதாக ஒரு உரை ஆற்றினார். நேரம் மிச்சமானதைவிடப் பெரிய பலன் ஒன்று இருக்கிறது என்றார். குரல் தழுதழுத்தது.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்காக எந்த உயிரும் வதைபடாது சார்."

மேலதிகாரியின் கண் கலங்கியது. நாங்கள் மறுபடியும் கைதட்டினோம். அக்கா அடுப்படியிலிருந்து திரும்பினாள். கையில் கழுவாத சட்டி.

"அடுத்த வாரம் கறியே வாங்கிட்டு வாங்க. ஆடு ஒரு தடவைதான் சாகும்."

அத்தான்தான் நிலைமையைச் சமாளித்தார். மேலதிகாரி பக்கம் குனிந்து, மன்னிப்புக் கேட்கிற குரலில் மெதுவாகச் சொன்னார்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். இவளுக்கு உயிருங்க மேல கொஞ்சம்கூட இரக்கம் கிடையாது."