எங்கள் ஊர் நெகேமியாக்கள்

பெயர் விஷயத்தில் யூதர்களாகிய எங்களைப் போல் சிக்கனமாக வாழ்ந்த இனம் பூமியில் வேறு கிடையாது. மற்றவர்கள் பிள்ளைக்குப் பிள்ளை புதுப் பெயர் தேடி மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, நாங்கள் வேதத்தைத் திறந்து, அதிலிருந்த பெயர்களையே துவைத்துத் துவைத்து ஆயிரக்கணக்கான வருஷம் உடுத்தினோம். தல்மூத் என்ற சட்டநூல் உருவான காலத்தில் ஒரு வேத குரு, ரபி நெகேமியா. அப்புறம் பாபிலோனில் ஒருவர். அதன்பின் ஜெர்மனியில், போலந்தில், லித்துவேனியாவில் எத்தனை பேர் என்பது ஆண்டவனுக்கே நிச்சயமில்லை. இதனால் கல்வி அடைந்த நன்மை கொஞ்சமல்ல. வாதத்தில் தோற்கப்போகிறவன் "ரபி நெகேமியாவே சொல்லியிருக்கார்" என்று ஒரு போடு போட்டால் போதும். எந்த நெகேமியா என்று எதிராளி யோசித்து முடிப்பதற்குள் இவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிடலாம்.

இந்தச் சிக்கனத்தின் சிகரத்தைத் தொட்டது எங்கள் துரோவிட்ஸ். அந்த ஊர் யூத சபையின் காரியதரிசி என்ற முறையில் அந்தப் பெருமையைப் பதிவு செய்வது என் கடமை.

பழைய ரபி காலமானதும் சபை கூடி 'ஒருமனதாக', அதாவது தலைவர் கெட்சலின் மனதாக, ஒரு முடிவுக்கு வந்தது. வரவழைத்தால் கல்விக்குப் பேர்போன வில்னா பக்கத்து மகாமேதை ரபி நெகேமியாவைத்தான் வரவழைப்பது. அவர் எழுதிய உரைநூலுக்கு எங்கள் ஊரில் அபார மதிப்பு. யாரும் அதைப் படித்ததில்லை என்பதால் மதிப்பு குறையவும் வழியில்லை.

கெட்சலின் மச்சினன் ஹிர்ஷல் வண்டி கட்டிக்கொண்டு கிளம்பினான். பாதி வழியில் குதிரைக்கு லாடம் கழன்றது. லாடம் அடித்த ஊரில் இருந்த ரபிக்கும் நெகேமியா என்றே பெயர் எனக் கேள்விப்பட்டதும், ஹிர்ஷல் அதை ஆண்டவனின் ஏற்பாடாக எடுத்துக்கொண்டான். மேதையின் ஊருக்கு இன்னும் நாலு நாள் பயணம். இவர் கையெட்டும் தூரத்தில் இருந்தார்.

வந்திறங்கியவர் ஒல்லியான மனிதர். கையில் ஒரு மூட்டை. கெட்சல் ஊர் எல்லையில் ரொட்டியும் உப்பும் நீட்டி வரவேற்றார்.

"உங்க புத்தகம்தான் ரபி இந்த ஊருக்குக் கண்ணு."

"எந்தப் புத்தகம்?"

"நீங்க எழுதினதுதான்."

"நான் ஒண்ணும் எழுதலையே. அந்த நெகேமியா வேற. உங்க ஆள் ரபி வேணும்னார், வந்தேன்."

கூட்டத்தில் பல பேருக்குக் கண் கலங்கியது.

"அடக்கத்தைப் பாத்தீங்களா?" என்றார் கெட்சல்.

"அடக்கம் இல்லைங்க. நிஜமாவே நான் அவர் இல்லை."

"இவ்வளவு அடக்கத்தை நான் என் ஆயுசுல பாத்ததில்லை."

"வண்டியைத் திருப்பச் சொல்லுங்க."

"மகான்" என்றார் கசாப்புக்காரர், தொப்பியைச் சரிசெய்துகொண்டு.

பனிக்காலம் வந்து பாதை மூடிக்கொண்டது. ரபி தங்கிவிட்டார். ஒவ்வொரு சபாத் ஓய்வுநாளும் பிரசங்கம் தொடங்குமுன் "நான் அவர் இல்லை" என்று சொல்லிவிட்டுத்தான் பேசுவார். போகப்போகப் பிரசங்கத்திலேயே ஜனங்களுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுவாகிவிட்டது. வெளியூர்க்காரர்கள் அதைக் கேட்பதற்கென்றே வந்தார்கள்.

அவர் சொன்னதை நம்பியது ஒரே ஒருத்தி. மெத்தை தைத்துப் பிழைத்த விதவை பெய்லா.

"நீங்க அந்த மேதை இல்லைன்னு எனக்குத் தெரியும் ரபி" என்றாள் ஒரு நாள். "என் வீட்டு சூப்ல உப்பு இல்லைன்னு சொன்னீங்களே, அன்னிக்கே தெரியும். மேதைங்களுக்கு அதெல்லாம் நாக்குல படாது."

"ஊர்ல நீயாவது நம்பினியே, அது போதும்மா" என்றார் ரபி.

அந்த நிலையில் ரஷ்யச் சக்கரவர்த்தி ஜாரின் பட்டாளத்துக்கு ஊர் ஒரு வாலிபனைக் கொடுக்க வேண்டுமென்று உத்தரவு வந்தது. போனால் இருபத்தைந்து வருஷம். பிழைத்திருந்தால் கிழவனாகத் திரும்பலாம். விதவையின் ஒற்றைப் பிள்ளையை எடுக்கக் கூடாது என்பது சட்டம். எனவே அப்படிப்பட்டவர்களை நீக்கிவிட்டு மற்ற வாலிபர்கள் பெயரைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டோம். சுத்தமான கை வேண்டுமென்று ரபியை எடுக்கச் சொன்னோம். எடுத்தார். நெகேமியா.

பானைக்குள் போயிருந்த நெகேமியா ஒருவன்தான். கெட்சலின் மகன். பானைக்கு வெளியே இன்னொரு நெகேமியா இருந்தான். பெய்லாவின் மகன். சமயம் தெரிந்து பெயர் வைக்கும் சமூகம் எங்களுடையது.

சபை அவசரமாகக் கூடியது. கெட்சலின் முகம் வெளுத்திருந்தாலும் குரலில் சட்டம் இருந்தது.

"சீட்டுல என்ன எழுதியிருக்கு ரபி?"

"நெகேமியா."

"எந்த நெகேமியான்னு எழுதியிருக்கா?"

"பானைக்குள்ள போனது உங்க பையன் ஒருத்தன்தான்."

"நான் கேட்டது, சீட்டுல இருக்கான்னு."

"இல்லை."

கெட்சல் சபையைப் பார்த்தார். "வேதத்துல இல்லாததை நாமளா சேர்க்கக் கூடாது. சீட்டுல மட்டும் சேர்க்கலாமா?"

சபை இந்த நுட்பத்தில் மெய்ம்மறந்தது. இப்படி ஒரு தர்க்கம் வில்னாவில்கூட எழுந்திருக்காது என்றார் கசாப்புக்காரர். அவருக்கும் இரண்டு மகன்கள்.

"பெய்லாவுக்கு ஒத்தப் பிள்ளை. ஜாரே வேண்டாம்னு விட்டவனை நீங்க பிடிச்சுக் கொடுப்பீங்களா?" என்றார் ரபி.

"ஜாருக்கு நம்ம ஊர் நிலவரம் தெரியாது. 'பேர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணு'ன்னு நீங்க ஒரு வார்த்தை தீர்ப்பு சொன்னாப் போதும். அப்பேர்ப்பட்ட புத்தகம் எழுதின வாயி..."

"புத்தகத்தை வாயால எழுத மாட்டாங்க கெட்சல். நானும் எழுதலை."

"அடக்கத்துக்கு இது நேரமில்லை ரபி."

ரபி எழுந்து போய்விட்டார். அவர் சொல்லத் தவறிய தீர்ப்பைச் சபையே சொல்லிக்கொண்டது: பெயர் ஒன்றென்றால் ஆளும் ஒன்று.

அநியாயம் நடந்தால் ஜெபக்கூடத்தில் வேத வாசிப்பையே நிறுத்தி நியாயம் கேட்கும் உரிமை எங்களில் கடைசி ஏழைக்கும் உண்டு. யாரும் அதைப் பயன்படுத்தாதவரை அதில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. அந்த சபாத்தில் பெய்லா பெண்கள் மாடத்திலிருந்து இறங்கி வந்து, விரித்த வேதச் சுருளின் முன்னால் நின்றாள்.

"என் பையனுக்கு நான் பேர் வச்சது கூப்பிடறதுக்கு, கெட்சல் ஐயா. உங்க பையனுக்குப் பதிலா கூப்பிடறதுக்கு இல்லை."

"ஏம்மா, மேல போ. இது பொம்பளைங்க நிக்கிற எடமா?"

"பொம்பளைங்க பெத்ததை எடுக்கிற எடம்னு மட்டும் தெரியுது."

ரபி வந்து அவள் பக்கத்தில் நின்றார்.

"நான் அவர் இல்லைன்னு இத்தனை நாளா சொல்றேன், அடக்கம்ங்கறீங்க. இவ பையன் அவன் இல்லைன்னு இவ சொல்றா, அடாவடிங்கறீங்க. இன்னிக்கு ரெண்டு பேர் சொல்றதையும் நம்புங்க. அதுவரைக்கும் வாசிப்பு கிடையாது." சுருளை மூடினார்.

கெட்சல் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு எழுந்தார்.

"சபையோரே, எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. இந்த மனுஷன் அந்த நெகேமியா இல்லை. இத்தனை நாளா நம்மளை ஏமாத்தியிருக்கார்."

"இதை எப்பக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான் பெய்லாவின் மகன்.

"இப்பத்தான். அவர் வாயாலயே சொன்னாரே."

உண்மையை ஏற்றுக்கொள்ள எங்கள் சபை என்றுமே தயங்கியதில்லை, வேளை மட்டும் பார்க்கும். ஆள்மாறாட்டம் செய்த குற்றத்துக்காக ரபியை நீக்கினோம். பெயர்போனவர் என்று கூட்டிவந்தவரைப் பேருக்கு ரபி என்று சொல்லிப் பெயர்த்து எடுத்தோம். ஞாயிறன்று பட்டாளத்துக்குப் போகிறவனையும் ஊரைவிட்டுப் போகிறவரையும் ஒரே வண்டியில் அனுப்பினோம்.

பட்டாள ஊரில் ரபி அதிகாரியிடம் முறையிட்டார். "இவன் அந்த நெகேமியா இல்லைங்க."

"நீ யாரு?"

"நெகேமியா."

அதிகாரி கொட்டாவி விட்டார். "உங்க ஊர்ல வேற பேரே கிடையாதா?" என்று சொல்லிவிட்டு, பையனை முடிவெட்ட அனுப்பினார்.

ரபி ஊர் திரும்பவில்லை. அங்கேயே ஒரு கொட்டகையில் தங்கி, பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டு, அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். பையனைப் படையோடு தெற்கே அனுப்பும்வரை சபாத்துக்கு ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தார். கிரிமியாவில் சண்டை மூண்டது. பையன் அங்கே செத்துப்போன செய்தியைப் பெய்லாவிடம் சொல்ல அவரே நடந்து வந்தார். ஊருக்குள் நுழையத் தடை இருந்ததால் எல்லையில் நின்று ஆள் விட்டார். அவள் போனாள். இருவரும் ரொம்ப நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் சபைக்குக் கல்நெஞ்சு கிடையாது. இறந்தவர் பெயரைப் பிறக்கும் குழந்தைக்கு வைப்பது எங்கள் வழக்கம். எனவே ஊரில் அடுத்துப் பிறக்கும் ஆண் குழந்தைக்குப் பெய்லாவின் மகன் பெயரை வைப்பதென்று தீர்மானம் போட்டோம். பிறந்தது கெட்சல் வீட்டில். பேரன்.

பெயர் சூட்டும் நாளில் கெட்சல் உருக்கமாகப் பேசினார். "எனக்கு மனசு நிறைய ஆசைதான் பெய்லா. ஆனா குழந்தையோட அப்பன் பேரும் நெகேமியா. உசிரோட இருக்கிற அப்பன் பேரைப் பிள்ளைக்கு வைக்கிறது நம்ம வழக்கத்துல இல்லையே."

பெய்லா தலையசைத்தாள். "பேர் ஒண்ணுன்னா ஆளும் ஒண்ணுன்னு சபை தீர்ப்பு சொல்லியிருக்கு. அந்தக் கணக்குப்படி கிரிமியாவுல செத்தது உங்க பையன்தான் ஐயா. தாராளமா வைங்க."

கெட்சலின் மகன் நெகேமியா மூலையில் உட்கார்ந்து தேன் கேக்கின் மூன்றாவது துண்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். செத்தவர்களை இவ்வளவு நன்றாக வைத்துக்கொள்ளும் ஊர் உலகத்தில் வேறு எங்கும் இல்லை.