செங்கமலத்தைக் கொன்ற அட்டை

நான் ஒரு கொலை செய்திருக்கிறேன். ஆயுதம், இருபக்கமும் அச்சிட்டு லேமினேட் செய்த ஓர் அட்டை.

இறந்தவர் பெயர் செங்கமலம். வைத்தியர், வில்லாளி, ஆடுகளைக் கண்டால் மட்டும் பயம். மார்ட்டின் அண்ணாவின் கற்பனையில் பிறந்து இரண்டு வருடம் வளர்ந்தவர். (அண்ணா பள்ளியில் கணக்கு வாத்தியார். செங்கமலத்துக்கென்றே தனி நோட்டு வைத்திருந்தார்.) சனிக்கிழமை பிற்பகல்களில் அடுகோடியில், லேத் பட்டறைக்கு மேலே இருக்கும் கிரீஷின் வீட்டில் நாங்கள் நான்கு பேர் கூடி ஒரு கதை விளையாட்டு ஆடுவோம். கிரீஷ் கதையை நடத்துவான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் சாகசம் செய்வோம். அடி விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்; விழுந்தால் பாத்திரத்தின் உயிர்ப்புள்ளிகள் குறையும். கிரீஷும் நஸ்ரினும் என் அலுவலகம். நான் இந்த ஊருக்கு வந்து இவர்களோடு சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.

சண்டை வந்தால்தான் தொல்லை. ஒவ்வோர் அடிக்கும் யாராவது விதிப்புத்தகத்தைப் புரட்டுவார்கள். நான்கு ஓநாய்களை விரட்ட ஒருமுறை இரண்டரை மணி நேரம் ஆனது.

"பேடப்பா பேடா, வேணவே வேணாம்! இன்னொரு ஓநாய் வந்தா நான் ராஜினாமா," என்றான் கிரீஷ்.

"புக்கைக் குடு. எல்லாத்தையும் ஒரே அட்டையில கொண்டு வரேன்," என்றேன். (யாரும் கேட்கவில்லை. புதிதாக வந்தவளுக்கு நல்ல பெயர் வாங்கும் ஆசை.)

மென்பொருளைச் சோதிப்பது என் தொழில். பட்டியல் போடாமல் பல்கூடத் துலக்க மாட்டேன். நாற்பது பக்கச் சண்டை விதிகளில் ஒவ்வொரு வரியிடமும் ஒரே கேள்வி கேட்டேன்: தன் முறை வரும்போது ஒருவர் என்ன செய்யலாம் என்று இது சொல்கிறதா? இல்லையென்றால் வெட்டு. 'வீழ்ந்தவர்கள்' என்று ஒரு பக்கம் இருந்தது. வீழ்ந்தவரால் என்ன செய்துவிட முடியும்? படிக்காமலே வெட்டினேன். பதிலுக்கு நானாக ஒரு வரி சேர்த்தேன்: "உயிர்ப்புள்ளி பூஜ்யமானால் பாத்திரம் இறந்துவிடும்."

பிறகு சோதனை. தனியாக உட்கார்ந்து முப்பது சண்டை போட்டேன். முப்பதிலும் நம்மவர்களே ஜெயித்தார்கள். (எதிரிகளைச் சோப்ளாங்கிகளாகப் பார்த்துப் பொறுக்கியதும் நானே. அலுவலகத்தில் வேறு யாராவது இப்படிச் சோதித்திருந்தால் அரை மணி நேரம் வகுப்பெடுத்திருப்பேன்.) அட்டையை எங்கள் சாட் குழுவில் போட்டு, "ரிவ்யூ பண்ணுங்க" என்றேன். மூன்றே நிமிடத்தில் மூன்று கட்டைவிரல்கள்.

அந்தச் சனிக்கிழமை சண்டை பறந்தது. "ரேவதி, நீ தெய்வம்!" என்றான் கிரீஷ். நான் அடக்கமாக இருப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தபோது குகைக் கரடி செங்கமலத்தை அறைந்தது. உயிர்ப்புள்ளி பூஜ்யம். எல்லோரும் அட்டையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் முன்னால் மார்ட்டின் அண்ணா பார்த்தார்.

அப்படி ஒரு விதி உண்டா என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டு வருடத்தில் ஒருவர்கூட வீழ்ந்ததில்லை. வீழும் முன்பே செங்கமலம் ஓடிவந்து மருந்து போட்டுவிடுவார். என்னை மட்டும் ஐந்து முறை காப்பாற்றியிருந்தார்.

"பரவால்ல மா, ரூல்னா ரூல்தான்." அண்ணா நோட்டை மூடினார். "எனக்கும் திருத்தற பேப்பர் குவிஞ்சு கிடக்கு. இனிமே நீங்க ஆடுங்க."

தொம்மலூர் பஸ்ஸில் ஏறியபோது அந்த "இனிமே" கூடவே ஏறியது. விதிப்புத்தகம் இன்னும் என் பையில்தான் இருந்தது. அட்டையில் தப்பில்லை என்று எனக்கு நானே நிரூபிக்க, அந்தப் பக்கத்தைத் திறந்தேன். வீழ்ந்தவர் இறந்தவர் அல்லர் என்றது முதல் வரி. பக்கத்தில் நிற்கும் தோழர் தன் முறையை விட்டுக்கொடுத்துக் கட்டுப் போட்டால் பிழைத்துக்கொள்வார் என்றது இரண்டாவது வரி.

பக்கத்தில் நின்றது என் பாத்திரம். சும்மா.

அடுத்த நிறுத்தத்தில் குதித்து ஆட்டோ பிடித்தேன். அண்ணா ஹெல்மெட் மாட்டிக்கொண்டு படியிறங்க, மற்ற இருவரும் வழியனுப்ப நின்றிருந்தார்கள்.

"அண்ணா, செங்கமலம் சாகல! நான்தான் ஒரு பக்கத்தை வெட்டிட்டேன். நான் கட்டுப் போடறேன், இப்பவே."

ஹெல்மெட்டைக் கழற்றாமலே பக்கத்தை விரல் வைத்துப் படித்தார்.

"நீ அட்டையைப் படிச்சியா?" என்று கிரீஷ் நஸ்ரினைக் கேட்டான்.

"அரே, நீ படிச்சிருப்பேன்னுதான் நான் தம்ஸ் அப் போட்டேன்!"

"நான் கிளாஸ்ல இருந்தேன்பா," என்றார் அண்ணா. பிறகு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு வருஷமா எல்லாருக்கும் கட்டுப் போட்டேன். எனக்கு ஒருத்தி கட்டுப் போட ஒரு கொலை நடக்கணுமா மா?"

சிரித்தது அவர்தான் முதலில். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி மேலே ஏறினார். இந்த ஊரில் இன்று எனக்கு இருக்கிற சனிக்கிழமைகள் எல்லாம் அந்த ஹெல்மெட் கழன்றதால் கிடைத்தவை.

ஆனால் கிரீஷ் இந்தக் கதையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டான். யார் எதைப் படிக்காமல் ஒப்புதல் கொடுத்தாலும், "செங்கமலம் பார்த்தாச்சா?" என்று ஒரு குரல் எழும். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பெண் என் மேசைக்கு வந்து, தயங்கித் தயங்கி, செங்கமலம் மேடத்தின் மெயில் ஐடி கேட்டாள். மேடம் சனிக்கிழமை மட்டும்தான் வருவார் என்று சொல்லியிருக்கிறேன்.