ஐந்து பெட்டிக்கும் ஆயுத பூஜை

அன்றைக்குக் கோயிலில் இருந்தவர்கள்: நான். என் மனைவி சரோஜா. மகள் பவானி. பவானியின் ஆராய்ச்சிக்குப் பொறுப்பான பேராசிரியை, கொழும்பிலிருந்து வந்த சிங்கள அம்மா. பூசாரி மாரிமுத்து. அப்புறம் அம்மன். அம்மனைத் தவிர எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். (அம்மனும் பார்த்திருக்கலாம். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.)

தப்பு என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

லுணுகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருடம் செடிகளைக் கவ்வாத்து வெட்டியவன் நான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. மகள் கம்ப்யூட்டருக்கு ஞாபகம் வைக்கும் படிப்பு படிக்கிறாள். யாராவது கேட்டால் அப்படித்தான் சொல்வேன். கம்ப்யூட்டருக்கு மறதி உண்டா என்று திருப்பிக் கேட்பார்கள். உண்டு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுவேன்.

பவானி ஒரு தடவை விளக்கினாள். கம்ப்யூட்டருக்கு ஞாபகம் இரண்டு விதமாம். ஒன்று வேகமானது, கரண்ட் போனால் அத்தனையும் மறந்துவிடும். மற்றது மறக்காது, ஆனால் மெதுவானது. அவள் வேகமானதை மட்டும் வைத்து வேலை செய்கிறாள். அதற்காக ஒரே விஷயத்தைத் தள்ளித் தள்ளி ஐந்து இடத்தில் வைக்கிறாள். ஒன்று அணைந்து மறந்துபோனாலும், எழும்பும்போது மற்றவை சொல்லிக் கொடுத்துவிடும்.

"நம்ம லயம் மாதிரிதாம்ப்பா," என்றாள். "ஒங்களுக்கு மறந்தாலும் பக்கத்து வீட்டுல ஞாபகம் வச்சிருப்பாங்கல்ல."

அது எனக்குப் புரிந்தது. லயம் என்றால் ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், நடுவில் ஒற்றைச் சுவர். ஒரு பொங்கலன்று தண்ணீர்ப் பீலியடியில் வழுக்கி விழுந்து வேட்டியை விட்டுவிட்டு வந்தேன். எனக்கு மறந்துவிட்டது. லயத்தில் ஒரு வீட்டுக்கும் மறக்கவில்லை.

அந்த ஐந்து இடத்திலும் ஆளுக்கொரு குட்டிக் கம்ப்யூட்டர் பெட்டி, சோற்றுப் பெட்டி அளவுதான். மேலே ஒரு சூரியத் தகடு. மழை எவ்வளவு, மண்ணில் ஈரம் எவ்வளவு என்று பார்த்து வைத்துக்கொள்ளும். லயத்துக்கு மேலே மலைச்சரிவு இருக்கிறது. மழையில் அது இறங்கினால் முன்கூட்டியே தெரிய வேண்டும். தொழிற்சாலைக் கூரையில் ஒன்று, பள்ளிக்கூடத்தில் ஒன்று, டிஸ்பென்சரியில் ஒன்று, தண்ணீர்த் தொட்டிமேல் ஒன்று, எங்கள் லயத்துக் கூரையில் ஒன்று. பாசி துடைப்பதும் குளவிக்கூடு கலைப்பதும் என் வேலை. நாற்பத்தொரு நாள் ஒன்றையும் மறக்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அதைப் பார்க்கத்தான் பேராசிரியை வந்தார். அவருக்குத் திருப்தி என்றால் பவானி டாக்டர் பட்டத்துக்கு எழுதிக் கொடுக்கலாம். இல்லையென்றால் எல்லாம் முதலிலிருந்து.

அவர்கள் வந்த நாள் ஆயுத பூஜை.

எங்கள் தோட்டத்தில் அன்றைக்குக் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, கொழுந்து நிறுக்கும் தராசு எல்லாம் கோயிலுக்கு வந்துவிடும். கழுவிச் சந்தனம் வைத்துப் படைப்போம். வருடமெல்லாம் உழைத்ததற்கு ஒரு நாள் ஓய்வு. அன்றைக்கு அதைத் தொட்டு வேலை செய்யக் கூடாது.

விடிந்ததும் நான் என் கத்தியைக் கழுவினேன். கழுவும்போது பெட்டிகள் ஞாபகம் வந்தது. வெயிலிலும் மழையிலும் நாற்பத்தொரு நாள். தீனி இல்லை, தூக்கம் இல்லை, ஒரு நிமிட லீவு இல்லை. மனிதனாக இருந்திருந்தால் யூனியனில் சொல்லி வேலைநிறுத்தம் செய்திருக்கும். அதை விட்டுவிட்டுக் கத்திக்குப் பொட்டு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன வாரம் பவானியும் போனில் சொல்லியிருந்தாள், இரண்டு பெட்டி செத்தாலும் ஒன்றும் ஆகாது என்று. (இரண்டு என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.)

ஏணியைத் தூக்கினேன்.

அதே நேரம் பதுளை ஸ்டேஷனில் நடந்ததைப் பவானி பிறகு சொன்னாள். காலை ரயிலில் வந்து இறங்கி, வேன் வருகிற வரைக்கும் லேப்டாப்பைத் திறந்து பேராசிரியைக்குக் காட்டியிருக்கிறாள். ஐந்து பச்சைப் புள்ளி. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தொழிற்சாலைப் புள்ளி சிவப்பானது. இவளுக்குச் சந்தோஷம். பாருங்கள் மேடம், ஒன்று போனாலும் வேலை நிற்கவில்லை என்றாளாம். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடம் சிவப்பு. இப்போதும் நிற்கவில்லை மேடம் என்றாளாம். அப்புறம் டிஸ்பென்சரி. மூன்று போனால் நின்றுவிடுமாம். லேப்டாப்பை மூடிவிட்டு எனக்குப் போன் அடித்திருக்கிறாள். போனும் பூஜையில் இருந்தது. அதுவும் உழைக்கிற சாமான்தானே.

வேன் நேராகக் கோயிலுக்கு வந்து நின்றது. பவானி செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

"அப்பா, பெட்டி எங்க?"

"சாமிகிட்ட."

"எத்தன?"

"எல்லாந்தான்."

"ஓடிக்கிட்டிருக்கா?"

"ஆயுத பூஜையில எப்பிடி ஓடும்? லீவு குடுத்திருக்கேன்."

அவள் உள்ளே போய்ப் பார்த்தாள். தராசுக்கும் கத்திகளுக்கும் நடுவில் ஐந்தும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம், ஒரு செவ்வந்திப் பூ. கம்பி செருகுகிற ஓட்டை பொட்டு வைக்கத் தோதாக இருந்ததால் அதிலேயே வைத்திருந்தேன்.

அவள் முகத்தைப் பார்த்து மாரிமுத்துப் பூசாரிக்குப் பாவமாகிவிட்டது.

"பயப்படாத தாயி. அஞ்சுக்கும் நல்லா தீர்த்தம் தெளிச்சிருக்கேன்."

பேராசிரியை என்னிடம் சிங்களத்தில் கேட்டார், ஏன் ஐந்தையும் எடுத்தீர்கள் என்று. நான்கிற்குப் பூஜை போட்டு ஒன்றை விட்டால் அது மனசில் என்ன நினைக்கும் என்றேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவ்வளவுதான் வந்தது. அவர் கோயில் படியில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். அழுகிறார் என்று சரோஜா தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

பவானி சிரிக்கவில்லை. ஐந்தும் ஒரே நேரத்தில் அணைய வாய்ப்பே இல்லை என்று அவள் எழுதி வைத்திருந்தாளாம். பேராசிரியை அந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொன்னார். ஐந்துக்கும் ஏணி ஒன்று, ஆளும் ஒன்று என்பதை எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். எங்கேயும் எழுதவில்லை.

நாற்பத்தொரு நாள் மழைக் கணக்கு போனது போனதுதான்.

பின்னேரம் பெட்டிகளைத் திரும்ப மாட்டப் போனேன். சந்தனத்தைப் பழைய பல் பிரஷ்ஷால் சுரண்டினேன். தூறல் இருந்தது. பவானி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டாள். நான்கு பெட்டியை மாட்டி முடித்தோம். ஐந்தாவதற்கு ஏறும்போது சொன்னாள்.

"மறுபடி மொதல்லேருந்து ஓட்டணும்ப்பா."

"ஓட்டு."

"கோவமில்லைன்னு சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

ஐந்தாவதை மாட்டினேன். ஏணி ஆடவில்லை. கெட்டியாகத்தான் பிடித்திருந்தாள்.

அவளுக்கு இன்னொரு வருடம் ஆனது. பட்டத்துக்கு எழுதிய புத்தகத்தில் ஓர் அத்தியாயம் கூடியது, எல்லாப் பிரதியும் ஒரே காரணத்தால் அழிவதைப் பற்றி. இப்போது பெட்டிகள் அவ்வப்போது மெதுவான ஞாபகத்திலும் எழுதி வைத்துக்கொள்கின்றன. முன்பக்கத்தில் நன்றி போட்டிருக்கிறாள்: நடக்காது என்று நான் எழுதியதை நடத்திக் காட்டிய அப்பாவுக்கு. பெட்டிகளுக்குப் பூஜையும் நிற்கவில்லை. வழி கண்டுபிடித்தவர் பூசாரி. நவராத்திரி ஒன்பது நாள், பெட்டி ஐந்து, ஒரு நாளைக்கு ஒன்றாகக் கொண்டு வா என்றார். பவானி ஒரு நிமிடம் அவரையே பார்த்தாள். பெரிய கம்பனிகளில் கம்ப்யூட்டர்களை அப்படித்தான் ஒவ்வொன்றாக நிறுத்துகிறார்களாம்.

என் கதையும் நிற்கவில்லை. சரோஜா கல்யாண வீட்டில் சொல்கிறாள். பூசாரி நவராத்திரிக்கு மைக்கில் சொல்கிறார். பேராசிரியை வகுப்பில் சொல்கிறாராம். மருமகன் என்னிடம் பெண் கேட்டு வந்த அன்றைக்கே, மாமா, என் போனை மட்டும் நானே வச்சுக்கிறேன் என்றான்.

போன மாதம் எங்கள் லயத்துக் கடைசிக் காம்பரா வீட்டுக்குத் தெமோதரையிலிருந்து புதுக் குடும்பம் ஒன்று வந்தது. ஒரு வீட்டுக்காவது தெரியாமல் இருக்கட்டும் என்று நானே போய்ச் சாமான் இறக்கிக் கொடுத்தேன். மறுநாள் காலை பீலியடியில் அந்த ஆள் எனக்கு வழி விட்டு நின்றார்.

"அண்ணே, பெட்டிக்கெல்லாம் லீவு குடுத்தது நீங்கதானாமே?"

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்கள் லயத்தில் வீடு பன்னிரண்டு. கதை தெரிந்த வீடு பன்னிரண்டு.